சுவர் இடித்த கூடத்துக்குச் சப்வூஃபர்: குறைந்த பணத்தில் தேர்ந்தெடுக்கும் வழி

கோலாலம்பூரில் டெரஸ் வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர் முதலில் கை வைப்பது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கும் சுவரில்தான். அதை இடித்தால் வெளிச்சம் வரும், காற்று வரும், தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஐம்பது பேர் வந்தாலும் உட்கார இடம் இருக்கும். செத்தாப்பாக்கில் நானும் அதைத்தான் செய்தேன். வாடகை வீட்டின் படுக்கையறையில் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த என் 8 அங்குல சப்வூஃபர் (பாஸ் எனும் ஆழமான ஒலிகளை மட்டும் தரும் தனி ஸ்பீக்கர் பெட்டி), புது வீட்டுக் கூடத்தில் வைத்ததும் அடங்கிப்போனது. பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன் சின்ன அறையில் வைத்து ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் முழங்கியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அறைதான் மாறியிருந்தது.

அதற்குப் பிறகு படித்ததையும் வீட்டில் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததையும் வைத்து, முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய திறந்த அறைக்கு வாங்கும்போது வாட்ஸைப் பார்க்காதீர்கள். பெட்டி எவ்வளவு காற்றைத் தள்ளும், நீங்கள் உட்காரும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அதை வைக்க முடியும் என்று பாருங்கள். கொடுக்கும் காசுக்குப் பலன் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

முதலில் டேப் எடுத்து அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் அறையின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். ஆனால் தொலைக்காட்சி இருக்கும் பகுதியை மட்டும் அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சோபாவில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். கதவு இல்லாமல் தொடர்ந்து போகும் இடம் எல்லாமே உங்கள் அறைதான். சாப்பாட்டு மேசை இருக்கும் இடம், சமையலறை, மாடிப்படி ஏறும் திறந்த வெளி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ் ஒலிக்கு 'இது கூடம், அது சமையலறை' என்ற கணக்கெல்லாம் கிடையாது.

ஓர் உதாரணம். 20 அடி அகலம், 38 அடி நீளம், 10 அடி உயரம் என்றால் 7,600 கன அடி. 11 அடிக்கு 12 அடி படுக்கையறை, அதே உயரத்தில், 1,320 கன அடி. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். படுக்கையறையில் அட்டகாசமாக இருந்த பெட்டி கூடத்தில் தோற்றுப்போவதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதி, மூடிய அறை செய்யும் உதவி. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் (நொடிக்கு 20 முறை அதிரும் ஒலி) ஓர் அலை சுமார் 17 மீட்டர் நீளம். 12 அடி அறைக்குள் அதில் பாதிகூட அடங்காது. அப்படிப்பட்ட அறையில் கதவைச் சாத்திவிட்டால், ஸ்பீக்கரின் கோன் (முன்பின் அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பு) முன்னே வரும்போது அறையின் காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தப்படுகிறது, சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடி அழுத்துவதுபோல. ஆழமான ஒலிகளுக்கு அறையே கைகொடுக்கிறது. சுவரை இடித்து, படிக்கட்டையும் திறந்து விட்டால் பம்பின் வாயிலிருந்து விரலை எடுத்த மாதிரிதான். அந்த உதவி பெரும்பாலும் போய்விடும். எல்லா வேலையையும் பெட்டியே செய்தாக வேண்டும்.

அமெரிக்க விமர்சகர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மரச் சட்டத்தில் மெல்லிய பலகை அடித்த சுவர்கள் அதிகம். அவை தாமே அதிர்ந்து பாஸைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நம் வீடுகள் செங்கல்லும் கான்கிரீட்டும். சுவர் விழுங்காது, திருப்பி அனுப்பும். அதனால் ஒரே பெட்டி நம் கூடத்தில் ஒரு மூலையில் குமுறும், நாலு அடி தள்ளி நின்றால் காணாமல் போகும். இதைச் சரிசெய்ய அதிக விலைப் பெட்டி தேவையில்லை. வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

எவ்வளவு ஆழம் வேண்டும்?

வீட்டில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு கம்பி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பாடல்களின் அடித்தளம் அதற்கு மேலேயே முடிந்துவிடும். 40 ஹெர்ட்ஸைத் தெளிவாகவும் திடமாகவும் தரும் பெட்டி இருந்தால், குத்துப் பாட்டுக்கும் உறுமி மேளப் பதிவுக்கும் குறை தெரியாது. படம் வேறு விஷயம். வெடி, இடிந்து விழும் கட்டடம், புறப்படும் ராக்கெட் போன்ற காட்சிகளுக்குச் சில படங்களின் ஒலித்தடம் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும், சில நேரம் அதற்குக் கீழும் இறங்கும்.

40இலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் விலை எகிறுகிறது. இரண்டு காரணம். நம் காது ஆழமான ஒலிக்கு மந்தமானது. 80 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 31 டெசிபெலிலேயே (டெசிபெல் என்பது சத்தத்தின் அலகு) காதில் விழத் தொடங்கும். 20 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 78 டெசிபெல் வேண்டும், அதுவும் 'ஏதோ இருக்கிறது' என்று உணர்வதற்கு மட்டும். இரண்டாவது, அதிர்வெண் பாதியாக இறங்கும்போது அதே அழுத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 40 ஹெர்ட்ஸில் சுகமாக ஓடும் கோன், 20 ஹெர்ட்ஸில் அதே சத்தத்தைத் தர நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். பெரும்பாலான மலிவுப் பெட்டிகளால் அது முடியாது.

ஆகவே குறைந்த பணத்தில் பெரிய திறந்த கூடம் என்றால், 25 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை திணறாமல் இறங்கும் பெட்டியைக் குறிவையுங்கள். 18 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று எழுதியிருக்கும் சின்னப் பெட்டியைவிட, 27 ஹெர்ட்ஸோடு நின்றாலும் அதுவரைக்கும் நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டி இந்த அறைக்குப் பொருத்தம். பல படங்களைப் பார்த்த பிறகும் என் எண்ணம் இதுதான்.

விவரச் சீட்டில் எதை நம்புவது?

'1000 வாட்ஸ்' என்று முகப்பில் பெரிதாக ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள். பி.எம்.பி.ஓ, பீக் என்ற பெயர்களில் வரும் எண்களும் அப்படியே. ஆர்.எம்.எஸ் என்றோ தொடர் ஆற்றல் என்றோ குறிப்பிட்ட எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் அளவோடு மதியுங்கள். ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் மின்சுற்றின்) ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். 150 வாட்ஸுக்கும் 300 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே, கோன் அதைத் தாங்கினால்.

கோனின் பரப்பளவு முக்கியம். 8 அங்குல டிரைவரின் (கோன் பொருத்திய ஸ்பீக்கர் அலகின்) பயன்படும் பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர். 10 அங்குலம் ஏறக்குறைய 340. 12 அங்குலம் ஏறக்குறைய 500. 15 அங்குலம் 800ஐத் தாண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போவது நாலு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் தள்ளும் பரப்பு இரட்டிப்புக்கு மேல். பெரிய கோன் பொதுவாக முன்பின் போகும் தூரமும் கூடுதல். அதனால் 7,000 கன அடி கூடத்துக்கு 12 அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். 10 அங்குலம் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சோபாவை ஒட்டி வைக்க முடிந்தால் சரியாகலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதிர்வெண் எல்லை எழுதியிருக்கும் இடத்தில் ±3 டெசிபெல் என்று, அதாவது அந்த எல்லைக்குள் சத்தம் 3 டெசிபெலுக்கு மேல் ஏறி இறங்காது என்று, சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் '20 முதல் 200 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் அந்த 20க்குப் பொருளே இல்லை. கேட்காத அளவுக்குச் சன்னமாக 20 ஹெர்ட்ஸ் தந்தாலும் அப்படி எழுதலாம். சி.இ.ஏ-2010 என்ற அளவீட்டு முறைப்படி சோதித்த எண்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் 20, 25, 31.5, 40, 50, 63 ஹெர்ட்ஸ் என ஒவ்வொரு புள்ளியிலும் பெட்டி அதிகபட்சம் எத்தனை டெசிபெல் தரும் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டு மாதிரிகளை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலர் 1 மீட்டரிலும் சிலர் 2 மீட்டரிலும் அளந்து போடுகிறார்கள். இடையில் 6 டெசிபெல் வித்தியாசம் வரும். ஒரே தூரத்தில் எடுத்த எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா?

சுருக்கமாகச் சொன்னால், திறந்த பெரிய கூடத்துக்குத் துளை வைத்த பெட்டி, அதாவது போர்ட்டட்.

மூடிய பெட்டியில் கோன் மட்டுமே வேலை செய்கிறது. பெட்டி சின்னதாக, அழகாக இருக்கும். ஆழத்தில் ஒலி மெதுவாகச் சரியும், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல். மூடிய சின்ன அறையில் இந்தச் சரிவை அறையின் உதவி ஈடுகட்டிவிடும். உங்கள் கூடத்தில் அந்த உதவி இல்லை. துளை வைத்த பெட்டியில், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் குழாய்க்குள் இருக்கும் காற்றே இன்னொரு கோன்போல வேலை செய்யும். அந்த இடத்தைச் சுற்றி, அதே டிரைவர், அதே ஆம்ப் கொண்டு கணிசமாகக் கூடுதல் ஒலி வரும். அதற்குக் கீழே வேகமாக விழுந்துவிடும், ஆக்டேவுக்கு 24 டெசிபெல். எஸ்.வி.எஸ் நிறுவனத்தின் 1000 ப்ரோ வரிசையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டிலும் 12 அங்குல டிரைவர், 325 வாட்ஸ் ஆம்ப். மூடியது சுமார் 13 அங்குலக் கனசதுரம், துளை வைத்தது 20 அங்குல உயரம். ஆழத்தில் கிடைக்கும் கூடுதலுக்கு நீங்கள் கொடுப்பது தரையில் இடம்.

'துளை வைத்தது பாட்டுக்குச் சரிவராது, இழுக்கும்' என்று ஒரு பேச்சு உண்டு. மோசமாக வடிவமைத்த சின்னப் பெட்டிக்கு அது உண்மை. ஒழுங்கான 12 அங்குலப் பெட்டியில், இழுப்பதுபோல் கேட்பதற்குப் பெரும்பாலும் அறையும் தவறான அமைப்பும்தான் காரணம்.

பணம் எங்கே போக வேண்டும்?

விலை மாதாமாதம் மாறுகிறது, அதனால் மாதிரிகளின் விலைப் பட்டியலைத் தரவில்லை. கையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் 1,700 வரை ஒரே ஒரு 12 அங்குலத் துளைப் பெட்டியில் போடுவேன். மீதி 300ஐ நீளமான கேபிள், மின்னல் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன், கேபிளை மூடத் தரையில் ஒட்டும் டிரங்கிங் ஆகியவற்றுக்கு ஒதுக்குவேன். தலா 850க்கு இரண்டு சின்னப் பெட்டி வாங்கமாட்டேன். இரண்டு நல்லதுதான், ஆனால் இரண்டும் 27 ஹெர்ட்ஸில் திணறினால் சேர்ந்து திணறும். இன்று ஒரு நல்லது, அடுத்த ஆண்டு போனஸில் அதே மாதிரியில் இன்னொன்று என்பதே என் வழி.

வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் கருவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் கருவி) 'சப்' வெளியீடு இருந்தால் கவலை இல்லை. பழைய ஸ்டீரியோ ஆம்ப் என்றால், ஸ்பீக்கர் கம்பியை நேராக ஏற்கும் உள்ளீடு உள்ள சப்வூஃபர் வேண்டும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் கவனம்: பல சவுண்ட்பார்களில் அந்த நிறுவனத்தின் சொந்த வயர்லெஸ் சப்வூஃபரைத் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது.

கடைக்குப் போய்க் கேட்க வேண்டுமானால் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் ஹைஃபை கடைகள் பல இருக்கின்றன. கடையின் அறை சின்னது, மூடியது என்பதை மறக்காதீர்கள். அங்கே எல்லாமே பெரிதாகக் கேட்கும். சத்தத்தின் அளவை அங்கே எடைபோட முடியாது. போர்ட்டில் காற்று 'புஸ்' என்று சீறுகிறதா, வேகமான தாளத்தில் அடிகள் தனித்தனியாக விழுகின்றனவா என்பதைக் கவனியுங்கள். முடிந்தால் ஒரு வார இறுதிக்கு வீட்டுக்குக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். இருநூறு வெள்ளி தள்ளுபடியைவிட அது பெரிய உதவி.

பழையது வாங்குவதும் நல்ல வழிதான், சில சோதனைகளோடு. நான் ஒருமுறை 12 அங்குலப் பெட்டி ஒன்றை இருட்டிய நேரத்தில், கார் பூட்டில் வைத்தே பார்த்து வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து துணி மூடியைக் கழற்றினால் கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நுரை சில ஆண்டுகளில் மாவாகிவிடும். ரப்பர் வளையம் நீண்ட நாள் உழைக்கும். எனவே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், வளையத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையாலும் கோனை நேராக அழுத்தி விடுங்கள், உரசும் சத்தம் வரக்கூடாது. போனில் 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை வைத்துக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் மின்னழுத்தம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும் கட்டாயம். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகள் 100 வோல்ட், அமெரிக்காவினது 120 வோல்ட். நம் சாக்கெட்டில் நேராகச் செருகினால் ஆம்ப் அந்த நிமிடமே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும் என்றால் அந்தச் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கார் சப்வூஃபரை வீட்டில் வைக்கலாமா என்று தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். காரின் சின்ன மூடிய உட்புறம் ஆழமான ஒலிக்குத் தரும் பெரிய உதவியை நம்பித்தான் பல கார் பெட்டிகள் உருவாகின்றன. கூடத்தில் அந்த உதவி கிடையாது, 12 வோல்ட் மின்சாரத்துக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். விழா மேடைகளுக்கு வரும் பி.ஏ வகைப் பெட்டிகள் வேறு கதை. 40 ஹெர்ட்ஸுக்கு மேல் அவை தரும் சத்தத்தை வீட்டுப் பெட்டிகள் அதே விலையில் தொடவே முடியாது. அதற்குக் கீழே பெரும்பாலானவை நின்றுவிடும். உங்கள் வீட்டில் பாட்டு மட்டும்தான், படம் இல்லை என்றால், தயங்காமல் அதையும் பரிசீலியுங்கள்.

வைக்கும் இடம்: இங்கேதான் காசு மிச்சமாகிறது

பெட்டி வந்ததும் எல்லோரும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நம் கூடங்களில் அங்கிருந்து சோபாவுக்கு நான்கு மீட்டர் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் கணக்குப்படி 12 டெசிபெல் லாபம். அறைக்குள் அவ்வளவு முழுதாகக் கிடைக்காது, சுவர்களின் எதிரொலியும் கலப்பதால். ஆனால் கூடம் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை நெருங்கும். பாதி கிடைத்தாலும் 6 டெசிபெல். ஆம்ப் ஆற்றலை நான்கு மடங்காக்கினால் கிடைப்பது அது. இங்கே செலவு பத்து மீட்டர் கேபிள்.

அதனால் என் முதல் ஆலோசனை: சப்வூஃபரைச் சோபாவின் ஓரத்தில் வையுங்கள். அல்லது சோபாவுக்குப் பின்னால். சுவர் இடித்த கூடத்தில் சோபாவுக்குப் பின்னால்தான் சாப்பாட்டு மேசைக்குப் போகும் வழி இருக்கும், அங்கே கால் இடறும். ஓரம் பெரும்பாலும் காலியாக இருக்கும். 20 அங்குல உயரப் பெட்டி பக்கத்து மேசை உயரத்துக்கு ஒத்துவரும். தேநீர்க் குவளையை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள், அதிர்வில் நகர்ந்து விழும். துளை எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். சோபாவின் துணி அதை அடைக்கக் கூடாது.

ஒலி பக்கத்திலிருந்து வருவது தெரிந்துவிடாதா? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசையை அறிவது நம் காதுக்குக் கடினம். தெரிகிறது என்றால் கிராஸோவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) அதிகம் வைத்திருக்கிறீர்கள், அல்லது பக்கத்தில் ஏதோ கடகடக்கிறது. கிராஸோவரை 80க்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்படியும் தெரிந்தால் 70.

சோபாவுக்கு அருகில் வழியே இல்லையா? அப்போது தவழ்ந்துதான் தேட வேண்டும். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே, முடிந்தால் சோபாவின் மேலேயே, வையுங்கள். பாஸ் சுரங்கள் மேலும் கீழும் நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு பெட்டியை வைக்கச் சாத்தியமான ஒவ்வொரு இடத்திலும் தரையோடு தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுவே இடம். எங்கே அதிகச் சத்தம் என்று தேடாதீர்கள். அது பெரும்பாலும் மூலையாக இருக்கும், ஒரு சுரம் மட்டும் குமுறும். என்றாலும் மிகவும் திறந்த கூடத்தில், பெட்டி சின்னதாகவும் இருந்தால், மூலை தரும் கூடுதல் சத்தத்தை ஏற்றுக்கொண்டு குமுறலை ரிசீவரில் அடக்குவது நியாயமான சமரசம்.

இணைத்து அமைப்பது

ரிசீவரின் சப் வெளியீட்டிலிருந்து சப்வூஃபரில் 'எல்.எஃப்.இ' என்று எழுதியிருக்கும் உள்ளீட்டுக்கு ஒற்றை ஆர்.சி.ஏ கேபிள். பத்து மீட்டர் நீளம் இந்த ஒலிக்குப் பிரச்சினையே இல்லை, விலையுயர்ந்த கேபிளும் தேவையில்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் கிராஸோவர் திருகை முழுவதும் வலப்பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த வேலையை ரிசீவர் செய்யும். இரண்டும் செய்தால் இடையில் ஒரு பள்ளம் விழும். ஒலியளவுத் திருகு பாதியில் இருக்கட்டும்.

ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் 'ஸ்மால்' என்று வையுங்கள். உங்கள் ஸ்பீக்கர் உயரமாக, பெரிதாக இருந்தாலும் அப்படியே. இந்தச் சொல் ஸ்பீக்கரின் அளவைக் குறிப்பது இல்லை, ஆழமான ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதற்கான கட்டளை. கிராஸோவர் 80 ஹெர்ட்ஸ். கையளவு ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. அப்புறம் ரிசீவரோடு வந்த மைக்கைச் சோபாவில் காது உயரத்தில் முக்காலியில் நிறுத்தி தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். விசிறியை அணையுங்கள், சமையலறையில் இருப்பவர்களிடம் ஐந்து நிமிடம் அமைதி கேளுங்கள். முடிந்ததும் சப்வூஃபரின் அளவு என்ன எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். எல்லையின் விளிம்பில், -12 என்பதுபோல் நின்றால், பெட்டியின் திருகைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஃபேஸ் சுவிட்சுக்கு (சப்வூஃபரின் அலையை மற்ற ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போகச் செய்வது): 80 ஹெர்ட்ஸ் டோனை எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்க விடுங்கள். சோபாவில் ஒருவர் உட்காரட்டும், இன்னொருவர் 0க்கும் 180க்கும் மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான்.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கணினியில் செருகும் அளவீட்டு மைக் ஒன்று வேண்டும். போனின் மைக்கை வைத்து அளக்காதீர்கள். பல போன்கள் ஆழமான ஒலியை வேண்டுமென்றே வெட்டிவிடும்.

'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் வந்தால் ஆர்.சி.ஏ கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் இருந்தால் பெட்டியின் ஆம்பில் கோளாறு. நின்றுவிட்டால் எர்த் வளையம், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் வரும் இரைச்சல். எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் தொலைக்காட்சிக்கு வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் திருடன் அங்கேதான் இருக்கிறான். மூன்று முள் பிளக்கின் எர்த்தை வெட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

மாப், மின்னல், பக்கத்து வீடு

நம் வீடுகளில் தினமும் தரை துடைப்போம். சப்வூஃபர் பெட்டிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சினால் ஊதிப் பிளந்துவிடும். ஓர் அங்குல உயர ரப்பர் கால்கள் போட்டுவிடுங்கள். மார்பிளில் அதிர்ந்து நகர்வதும் நிற்கும்.

மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால், முக்கியமாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் அருகில் விழும் இடியைத் தாங்காது. சப்வூஃபர் எப்போதும் ஸ்டாண்ட்பையில் மின்சாரத்தோடு இணைந்தே இருப்பதால், முதலில் அடிபடுவது அதன் ஆம்பாக இருக்கலாம்.

டெரஸ் வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். பெட்டியை அந்தச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சோபாவுக்கு அருகில் வைப்பதில் இங்கேயும் லாபம். உங்களுக்குப் போதுமான சத்தம் குறைந்த அளவிலேயே கிடைப்பதால், சுவர் வழியாகப் போவதும் அந்த அளவுக்குக் குறையும். என் பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் நேராகப் போய், அவர் கூடத்தில் நின்று, எந்த அளவில் கேட்கிறது என்று சேர்ந்தே பார்த்தேன். அந்த எண்ணை ரிசீவருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் அதைத் தாண்டுவதில்லை. கொண்டோவில் இருப்பவர்களுக்குக் கீழ்வீடுதான் கவலை. பெட்டிக்கு அடியில் தடிமனான நுரைத் தளம் போட்டால் தரை வழியே இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும். காற்று வழியே போவதை அது தடுக்காது.

இரண்டாவது பெட்டி

ஓராண்டு கழித்து இரண்டாவது வாங்கும்போது அதே மாதிரியையே வாங்குங்கள். வேறு மாதிரி என்றால் பலவீனமானது முதலில் திணறும், இரண்டையும் இணக்கமாக அமைப்பதும் கடினம். ஒரே இடத்தில் இரண்டையும் சேர்த்து வைத்தால் 6 டெசிபெல் வரை கூடும். பிரித்து வைத்தால் அதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் ஒவ்வோர் இருக்கையிலும் ஒலி ஒரே சீராக வரும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு சப்வூஃபர்களை எதிரெதிர்ச் சுவர் ஒவ்வொன்றின் மையத்திலும் ஒன்றாக வைப்பது நல்ல பலன் தருவதாகக் காட்டினார். அது நான்கு சுவரும் உள்ள செவ்வக அறைக்கான கணக்கு. ஒரு பக்கம் சுவரே இல்லாத நம் கூடத்துக்கு அப்படியே பொருந்தாது.

நான் செய்தது இது. முதல் பெட்டி சோபாவின் வலது ஓரத்திலேயே இருக்கிறது. இரண்டாவதைத் தொலைக்காட்சியின் இடப்பக்கம் வைத்தேன். ரிசீவரில் இரண்டு சப் வெளியீடு இருந்ததால் தனித்தனியாக இணைத்தேன். ஒன்றே இருந்தால் ஒய் வடிவப் பிரிப்பான் போதும். முதலில் ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டு, சோபாவில் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி திருகுகளைச் சரிசெய்தேன். அருகில் இருப்பது நிறையவே இறங்கியது. பிறகு தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டினேன். இப்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் தவில் தவிலாகவே கேட்கிறது.